கேரட் தானியம் இல்லை

எங்கள் காணிப்பாறையில் ஒரு புரட்டாசி மாதம் விதைத்ததெல்லாம் கேரட்டாக முளைத்தது. பீன்ஸ் ஊன்றியவன் தோட்டத்தில் கேரட், உருளைக்கிழங்கு வைத்தவன் தோட்டத்தில் கேரட், கோயில் பூசாரி சாமி மாலைக்காக நட்ட செவ்வந்திப் பாத்தியில் கேரட், பள்ளிக்கூடத்து டீச்சர் பாடம் காட்டுவதற்காகச் சிரட்டையில் மண் அள்ளிப் போட்டு வைத்த அவரை விதையிலிருந்தும் நறுக்கு நறுக்கான இலையோடு ஒரு கேரட். எங்கள் வீட்டுச் சின்னவள் விழுந்த பால்பல்லைக் குழாயடியில் புதைத்து வைத்தாள், பத்தாம் நாள் அங்கேயும் ஒன்று எட்டிப் பார்த்தது.

கொடைக்கானலைத் தாண்டி, பேருந்து திரும்புகிற கடைசி ஊரையும் தாண்டி, வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிற ஊர் எங்களுடையது. மலையைப் படிப்படியாக வெட்டி, ஆளுக்கு ஓர் ஏக்கர், மிஞ்சினால் ஒன்றரை ஏக்கர் என்று வைத்திருக்கிறோம். அந்தப் படிகளில் முப்பத்திரண்டு வருஷமாகக் கேரட்டைத் தவிர நாங்கள் வேறொன்றும் போட்டதில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை, பிடுங்கிய குழியின் ஈரம் காய்வதற்குள் அடுத்த விதை, மண் கொஞ்சம் முனகினால் ஒரு லாரி கோழி எரு, இன்னும் முனகினால் உர மூட்டை. வயிறு நிறைந்தது, பிள்ளைகள் படித்தார்கள், ஓடு போய் கான்கிரீட் வந்தது, நன்றி கெட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தனை ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, திடீரென்று வேறு பெயரில் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பானா என்று டீக்கடையில் யாரோ கேட்டபோது, எல்லோரும் அது சரிதான் என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனோம்.

உள்ளபடி சொன்னால் எங்களுக்கு முதலில் சந்தோஷம்தான். கேரட் விதை டப்பா வாங்குவதை அத்தோடு நிறுத்தினோம். எதைத் தூவினாலும் கேரட்தான் என்றால் எதற்கு டப்பா. அஞ்சறைப் பெட்டிக் கடுகைத் தூவினோம், வண்டு விழுந்த பயறைத் தூவினோம், ஒருத்தன் புழுத்த ரவையைத் தூவி அறுவடை பண்ணினான். பூசாரி சாமிக்குக் கேரட் மாலை கட்டிப் பழகிக்கொண்டார், செவ்வந்தியைவிட இரண்டு நாள் கூடுதலாக வாடாமல் இருக்கிறது என்றும் சொன்னார். வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து ஒவ்வொரு தோட்டத்திலும் துணிப்பையில் மண் எடுத்துக்கொண்டு போனார். அலுவலக மேசையில் வைத்த பைகளில் எல்லாம் ஒரு வாரத்தில் கேரட் முளைத்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பரிசோதித்து, மண் களைத்துப் போயிருக்கிறது, பயிரை மாற்றிப் போடவும் என்று எழுதி அனுப்பினார். நாங்கள் மாற்றித்தானே போடுகிறோம், அது மாறாமல் முளைத்தால் நாங்கள் என்ன செய்வது என்று பதில் எழுதினோம்.

இரண்டாம் வருஷம் கேரட் விரல் அளவுக்கு இளைத்தது. நிறம் வெளுத்து, கடித்தால் தண்ணீர்ச் சுவை, மாட்டுக்குப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் ஓடைக்கரையில் கேரட் கழுவுகிற மிஷின் வைத்திருப்பவன். மண் போகக் கழுவிப் பளபளப்பாக்கி வண்டி ஏற்றுவது என் தொழில். மிஷினில் போட்டால் பாதி கேரட் மண்ணோடு சேர்ந்தே கரைந்து போவதை ஊரில் முதலில் பார்த்தவன் நான்தான், பார்த்தும் வாயைத் திறக்காதவனும் நான்தான்.

அதற்குள் ஊரில் சாவு விழ ஆரம்பித்தது. எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காணிப்பாறையில் ஆள் போனால் அவரவர் தோட்டத்து மேல்படியின் ஓரத்தில், தோட்டத்தைப் பார்த்தபடி புதைப்போம். மூன்றாம் நாள் குழிமேட்டில் நவதானியம் விதைத்துப் பால் தெளிப்போம். விதைத்த ஒன்பதாம் நாள் காலையில் ஊரே போய்ப் பார்க்கும். ஒன்பதும் முளைத்திருந்தால் போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்போதுதான் வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழலாம். ஒன்று குறைந்தாலும் அவர் இன்னும் வழியில் இருக்கிறார். வழியில் இருப்பவருக்காக அழக்கூடாது, அழுதால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் பாதை தப்பிவிடும். அவர் போய்ச் சேருகிற வரையில் பொழுது சாயும்போது அவருக்கு ஒரு வட்டிலில் சோறும் வாசலில் ஒரு செம்பு தண்ணீரும் வைக்க வேண்டும், அவர் தோட்டத்தில் மண்வெட்டி படக்கூடாது.

முதலில் போனது பால்காரர் குப்பாண்டி. ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தால் குழிமேடு முழுக்கக் கேரட். ஊர் கூடிக் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசினோம். தோட்டத்தை எத்தனை நாள் சும்மா போடுவது, வீட்டில் எத்தனை நாள் அழுகையை அடக்குவது என்று இரண்டு பக்கமும் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கேரட்டும் தானியந்தான், ஒன்பது கேரட் வந்தால் ஒன்பது தானியம் வந்த மாதிரிதான் என்று தீர்மானம் பண்ணினோம். ஊர் ஒத்துக்கொண்டால் சாமி ஒத்துக்கொண்ட மாதிரி. இரண்டாவதாகப் போனவர் என் அப்பா. அவர் மேட்டில் நானே கேரட்டை எண்ணினேன், பதினொன்று இருந்தது, தாராளம் என்றார்கள். எங்கள் அம்மாவும் அக்காவும் அழுதார்கள், நானும் அழுதேன், ஆனால் அழுத மாதிரியே இல்லை. உப்புப் போடாமல் சாப்பிட்டு எழுந்ததுபோல இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மறுநாளே தோட்டத்தைக் கொத்தினேன்.

மூன்றாவதாக மாசி மாதம் அழகுமலை போனார். அழகுமலையைப் போல ஒரு நல்லவரும் கிடையாது, அவரைப் போல ஒரு தாமதக்காரரும் கிடையாது. எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார், சிரித்துக்கொண்டே சொல்வதால் கோபமும் வராது. அவர் கல்யாணத்துக்கு அவரே முகூர்த்தம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையைக் காணோம் என்று இரண்டு ஊரும் தேடிக்கொண்டிருக்க, வருகிற வழியில் ஒருத்தி மொச்சைக்காய் விற்றுக்கொண்டிருந்தாள், பிஞ்சாக இருந்தது என்று பட்டுத் துண்டு நிறைய மொச்சைக்காயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஊரில் எல்லோரும் மண்சுவரை இடித்து ஓடைச் சரிவில் கொட்டிவிட்டு சிமென்ட்டில் கட்டிக்கொண்டபோது, அவரும் மாட்டுக் கொட்டகையின் பழைய மண்சுவரை இடிக்கப்போகிறேன் என்று ஐந்து மூட்டை சிமென்ட் வாங்கிப் போட்டார். நாளைக்கு நாளைக்கு என்று ஒன்பது வருஷம் போய், மூட்டைகள் கல்லாக இறுகி உட்காரும் திண்டாகிவிட்டன. சாவுக்கு மட்டும் அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை, நாற்பத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் மனைவி மகுடீஸ்வரி. நாங்கள் மகுடியக்கா என்போம். பிள்ளை இல்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒன்றரை ஏக்கர், ஒரு பசு, பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர். ஒன்பதாம் நாள் ஊர் போய்ப் பார்த்தபோது அழகுமலையின் மேட்டிலும் கேரட் அடர்த்தியாக வந்திருந்தது. அழகுமலையின் தம்பி சன்னாசிதான் அப்போது ஊர்ப் பெரியதனம். அவர் பெண்களைப் பார்த்து அழலாம் என்பதுபோலத் தலையாட்டினார். பெண்கள் முந்தானையை எடுத்து வாயில் வைக்கும்போது மகுடியக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேரட்டு தானியம் இல்ல, சன்னாசி."

சன்னாசி மெதுவான மனிதர். ஊர்த் தீர்மானத்தை எடுத்துச் சொன்னார், குப்பாண்டி வீட்டையும் எங்கள் வீட்டையும் உதாரணம் காட்டினார், தோட்டத்தைச் சும்மா போட்டால் மதினி எப்படிப் பிழைப்பாள் என்று கவலைப்பட்டார், அவர் கவலையில் பொய் இல்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஊரு ஒத்துக்கிட்டதுக்கு நான் குறை சொல்லல. ஆனா உங்க அண்ணன் இன்னும் வழியிலதான் இருக்காரு, எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கே முகூர்த்தம் தாண்டித்தான வந்தாரு, நான் மணவறையில உக்காந்து காத்துக்கிட்டுத்தான இருந்தேன். இப்ப மட்டும் அவசரப்பட்டு எந்திரிச்சுப் போகவா?"

பெண்கள் முந்தானையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து மகுடியக்காவின் தோட்டத்தில் மண்வெட்டி படவில்லை. அவள் மற்றவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள், அந்த வெளுத்த கேரட்டை எங்களோடு சேர்ந்து பிடுங்கினாள், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து இரண்டு வட்டிலில் சோறு போட்டாள், வாசலில் செம்பு வைத்தாள். மேட்டில் முளைத்ததைக் கையாலேயே களைந்துவிட்டு மறுபடி நவதானியம் தூவினாள், மறுபடி கேரட் வந்தது. இப்படி நான்கு தடவை. அழவே இல்லை. இருபது மாதம் அழாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அவள் முகம் மழை இறங்காத மேகம் போல உப்பி, கறுத்து, பேச்சும் குறைந்துபோனது. ஊரில் சிலர் பிடிவாதக்காரி என்றார்கள். அவளைப் பார்க்கும்போது எனக்கு என் அப்பா ஞாபகம் வரும், பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

தோட்டம் முதல் ஆறு மாதம் தானாகக் கேரட்டாகவே மண்டியது. பிறகு அதுவும் சலித்துப்போய் நின்றது. பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே இல்லாமல் வெறும் மண்ணாகக் கிடந்தது, பிறகு பெயர் தெரியாத ஒரு புல். அந்தப் பக்கம் நடந்தால் கால் கொஞ்சம் உள்ளே அமிழ்வதையும், காலையில் மண்புழு தள்ளிய குருணைகள் கிடப்பதையும் நான் பார்த்தேன். காடாக விட்டுவிட்டாள் என்று ஊர் சொன்னதால் நானும் அதையே சொன்னேன்.

இரண்டாவது ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நாலாம் நாள் மாட்டுக் கொட்டகையின் மேற்குச் சுவர், பசு வெளியே நின்ற நேரமாகப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. என் மிஷினுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க ஒரு வாரம் கழித்துப் போனேன். அக்கா அந்தச் சிமென்ட் திண்டு ஒன்றில் உட்கார்ந்து, விழுந்த மண்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவியலின் மேல் பச்சையாக ஏதோ வந்திருந்தது. நான் புல் என்றேன். அவள் ஒரு தாளைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேப்பை," என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். கேப்பை மட்டும் இல்லை, சாமையும் இருந்தது, ஓரத்தில் ஒற்றைக் கோதுமைத் தாளும் நின்றது. அந்தச் சுவரை யார் எழுப்பியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேரட் மலையேறி வருவதற்கு முன்னால், இதே படிகளின் மண்ணை எடுத்து, களத்துப் பதரையும் உமியையும் போட்டு மிதித்து, சுவர் வைத்திருக்கிறார்கள். அந்த மண் கேரட்டைப் பார்த்ததே இல்லை. எல்லோர் வீட்டிலும் இருந்த அதே மண்ணை நாங்கள் சரிவில் கொட்டி, ஓடை அடித்துக்கொண்டு போக விட்டோம். ஊர் முழுக்க மிச்சம் இருந்தது, ஒரு சோம்பேறி மனிதர் நாளைக்கு இடிக்கிறேன் என்று விட்டு வைத்த இந்தச் சுவர்கள்தான்.

மறுநாள் காலையில் மகுடியக்கா கடப்பாரையை எடுத்து மற்ற மூன்று சுவர்களையும் இடிக்க ஆரம்பித்தாள். பசுவை வீட்டுக்குள் கட்டினாள். மழைக்காலத்தில் இருக்கிற கொட்டகையை இடிக்கிறாளே என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது. சன்னாசி தடுக்க வந்தார். அவள் அவரைக் கூட்டிப்போய் அந்தக் கேப்பைத் தாளைக் காட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். பதினோரு நாள் இடித்து, கட்டி உடைத்து, கூடை கூடையாக மேல்படிக்குச் சுமந்தார்கள். வழக்கப்படி கொத்தக்கூடாது என்பதால் அழகுமலையின் மேட்டின்மேல் கையால் பரப்பினார்கள், ஒரு முழ உயரத்துக்கு. நானும் ஆறு கூடை சுமந்தேன், என்னை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு அவள் ஐந்தாவது தடவையாக நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கடலை, மொச்சை, எள், கொள்ளு, உளுந்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சொன்ன பிறகே விதைத்தாள். மண்ணுக்கு மறந்து போயிருக்கும், பெயர் சொன்னால் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் எண்ணம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு வேறு இருக்கிறது. மிச்சமிருந்த சுவர் மண்ணை மகுடியக்கா ஊரில் வீட்டுக்கு ஒரு கூடை என்று கொடுத்தாள். ஒரு கூடை ஓர் ஏக்கருக்கு எந்த மூலைக்கு என்று கேட்டவர்களிடம், பாலுக்கு உறை எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று கேட்டாள். உறை ஊற்றினால் பாலை அசைக்கக்கூடாது, அதுபோல இந்த மண்ணைப் போட்டால் ஒரு வருஷம் தோட்டத்தைக் கிளறக்கூடாது, அது ஒன்றுதான் அவள் சொன்ன நிபந்தனை. பாதிப்பேர் கேட்டார்கள். மீதிப்பேர் இரண்டு மாதத்தில் பொறுமை இழந்து கிளறினார்கள், அவர்களுக்கு இன்றைக்கும் வெளுத்த கேரட்தான். கேட்டவர்கள் தோட்டத்தில் பட்டாணி ஒரு பருவம், உருளை ஒரு பருவம், கோதுமை ஒரு பருவம், கேரட்டும்தான் ஒரு பருவம், அது பழையபடி சிவந்து, கடித்தால் கேரட்டாகவே இருக்கிறது. என் கூடையை நான் என் தோட்டத்துக்குப் போடவில்லை. அப்பாவின் மேட்டில் பரப்பி நவதானியம் தூவினேன், ஒன்பதும் வந்தது, அம்மாவும் அக்காவும் நானும் இரண்டாவது தடவையாக அழுதோம். அந்தத் தடவை உப்பு இருந்தது.

இனி அழகுமலைக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் காலையில் மேகம் தரையோடு கிடந்தது. ஊர் முழுக்க மேல்படிக்கு ஏறினோம். சன்னாசி குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்ல நாங்கள் விரல் மடக்கினோம். நெல் வந்திருந்தது. கோதுமை, துவரை, பயறு, கடலை, எள், கொள்ளு, உளுந்து எல்லாம் அதனதன் முகத்தோடு வந்திருந்தன, ஒரு கேரட்கூட இல்லை. எட்டு விரல் மடங்கியது. மொச்சையை மட்டும் காணவில்லை. சன்னாசி மண்டியிட்டு மூலை மூலையாகத் தேடினார், டீச்சர் தேடினாள், நான் தேடினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த மண்ணில் எட்டு வந்ததே பெரிது, எட்டை ஒன்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ பின்னாலிருந்து ஆரம்பித்தார்கள். சன்னாசி நிமிர்ந்து மதினியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அவருக்கும் அண்ணன்தானே. எத்தனை வேண்டுமானாலும் சொல்லி ஒப்பேற்ற ஊர் தயாராக இருந்தது.

மகுடியக்கா எட்டு முளையையும் பார்த்தாள். மொச்சை ஊன்றிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இருபது மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"நாளைக்கு," என்றாள்.

அவ்வளவுதான், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கும் பொழுது சாய இரண்டு வட்டிலில் சோறு போட்டாள், செம்பு வைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் யாரும் சொல்லாமலே எல்லோரும் வந்திருந்தோம். மேகம் விலகி, கீழே சமவெளி வரைக்கும் தெரிந்தது. மொச்சை ஊன்றிய இடத்தில் மண் வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து கழுத்தை வளைத்துக்கொண்டு, தலையில் விதைத்தோலைச் சுமந்துகொண்டு, அப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல ஒரு மொச்சை முளை நின்றது.

மகுடியக்கா அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"முகூர்த்தம் தாண்டித்தான் வருவீகளா," என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வாய்விட்டு அழுதாள்.